நடிப்பை அளக்கும் கோல்

நுழையும்முன்

திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும் நாளில், பெற்றவரைப் பாராட்டும் குரலைவிடப் பெறாதவருக்காக வாதாடும் குரலே ஓங்கி ஒலிக்கும். தேநீர்க்கடையிலும் வகுப்பறையிலும் நிகழும் அவ்வாதங்களுள் பல, 'எனக்குப் பிடித்தது' என்னும் இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பிடித்தது என்பதிலிருந்து தகுதியுடையது என்பதற்குச் செல்லும் வழி எது? ஓட்டப்பிடாரம் மண்ணுக்குரிய இரு பெருமக்களாக ஒரே நடிகர் நடித்த இரு படங்களைக் கொண்டு அவ்வழியை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரு மண், இரு வேடங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலப்பரப்பில் அமைந்தது ஓட்டப்பிடாரம். மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம் அது. கோடையில் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ நடப்பவரின் காலைப் பற்றிக்கொண்டு விடாது. இவ்வூரில்தான் 1872 செப்டம்பர் 5 அன்று வ.உ. சிதம்பரனார் பிறந்தார். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பாஞ்சாலங்குறிச்சி. அங்கிருந்து ஆண்ட வீரபாண்டியக் கட்டபொம்மன், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஒருவர் வாளேந்திய பாளையக்காரர். மற்றவர் வழக்கறிஞர், 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி ஆங்கிலேயரின் வணிகத்தையே எதிர்த்தவர்.

இவ்விருவர் வரலாற்றையும் இயக்குநர் பி.ஆர். பந்துலு திரைக்குக் கொண்டுவந்தார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இலும் 'கப்பலோட்டிய தமிழன்' 1961இலும் வெளிவந்தன. இரண்டிற்கும் இசை ஜி. ராமநாதன். இரண்டிலும் தலைமை வேடம் ஏற்றவர் சிவாஜி கணேசன். இயக்குநர், இசையமைப்பாளர், நடிகர், கதை நிகழும் மண் ஆகிய அனைத்தும் ஒன்றாக இருக்க, நடிப்பின் தன்மை மட்டும் முற்றிலும் வேறாக அமைந்த இத்தகைய ஒப்பீட்டுக் களம் எளிதில் வாய்ப்பதன்று.

முதற்படம், சிவாஜியின் நாடகக் குழு மேடையில் நடத்திய நாடகத்திலிருந்து உருவானது. சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் உரையாடல் அடுக்குமொழியும் எதுகையும் நிறைந்தது. கோயில் கொடைவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே அவ்வுரையாடல் ஒலித்தபோது, படத்தைப் பாராத சிறுவரும் அதனை மனப்பாடமாக ஒப்பித்தனர். இன்றும் பள்ளி ஆண்டு விழா மேடைகளில் அட்டை வாளுடன் ஒரு கட்டபொம்மனையேனும் காணலாம்.

கெய்ரோவில் கேட்ட குரல்

1960ஆம் ஆண்டு எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா நடைபெற்றது. அங்குக் கட்டபொம்மன் வேடத்திற்காகச் சிறந்த நடிகர் விருது சிவாஜி கணேசனுக்கு வழங்கப்பட்டது. இசைக்கான விருதை ஜி. ராமநாதன் பெற்றார்.

இச்செய்தியைப் பெருமையுடன் சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம். ஆனால் அதற்குள் ஒரு நுட்பமான வினா உள்ளது. தமிழ்நாட்டில் அந்நடிப்பைப் புகழ்வோர் முதலில் சுட்டுவது உரையாடலைத்தான். எழுத்தாளர் அமைத்த தொடரின் ஓசையும் அதனை மூச்சுவிடாமல் உச்சரித்த திறனும் ஒன்றாகிவிட்டன. கெய்ரோவில் தீர்ப்பளித்தவர்களோ பல நாட்டினர். எதுகையின் இனிமையோ, வரி கேட்டவனை நோக்கிக் கட்டபொம்மன் அடுக்கும் வினாக்களின் உழவு மணமோ அவர்களைச் சென்றடைய வழியில்லை. மொழிபெயர்ப்பில் பொருள் கிடைக்கும், ஓசை கிடைக்காது. அவ்வாறாயின் அவர்கள் எதனை அளந்தார்கள்?

நடையை அளந்திருக்கலாம். நெஞ்சு நிமிர்ந்த நிலையை, இமையின் அசைவை, தாழ்ந்து தொடங்கி மேலேறும் குரலின் படிநிலையை அளந்திருக்கலாம். ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சியை ஒலியின்றிப் பார்ப்பவருக்கும், அவையில் அமர இருக்கை தரப்படாத ஒருவன் அவ்வவையையே தனதாக்கிக்கொள்வது புலப்படும். 1798இல் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த உண்மையான சந்திப்பில் கட்டபொம்மன் நெடுநேரம் நிற்கவைக்கப்பட்டார் என்பது வரலாறு. அந்த அவமதிப்பு நடிகரின் தோள்களிலேயே தெரிகிறது. எனவே, ஒரே நடிப்பைத் தமிழர் ஓர் அளவுகோலாலும் அயலார் மற்றோர் அளவுகோலாலும் அளந்து, ஒரே முடிவுக்கு வந்தனர் எனலாம். முடிவு ஒன்றாயிற்று என்பதால் அளவுகோலும் ஒன்றே என்று கொள்ளுதல் தவறு.

கோல் என்னும் சொல்

அளவுகோலை முதலில் வகுத்துப் பின்னர்ப் பரிசளிக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இவ்வகையில் மீண்டும் படித்தல் வேண்டும். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளது ஆடலைச் சொல்வதற்கு முன், ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் தண்ணுமை, குழல், யாழ் இசைப்போருக்கும் இருக்கவேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். அரங்கின் அளவும் கூறப்படுகிறது. இருபத்துநான்கு விரல் நீளமுள்ள மூங்கிற்கோலால் அளந்து, ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக மேடை அமைக்கப்படுகிறது. இவையெல்லாம் முடிந்த பின்னரே ஆடல். அதன் பின்னரே 'தலைக்கோலி' என்னும் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும்.

மேடையை அளந்ததும் கோல். பட்டத்தின் பெயரிலும் கோல். முன்னது மூங்கில், பின்னது தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக்காம்பிலிருந்து செய்து மணி பதித்தது. இன்றைய விருது விவாதங்களில் இரண்டாம் கோலைப் பற்றிய பேச்சே மிகுதி. மூங்கிற்கோலை எவரும் கேட்பதில்லை.

நடிப்பை அளப்பதற்குரிய மூங்கிற்கோல் ஒன்று தொல்காப்பியத்திலேயே உள்ளது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுவதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து தோன்றும் என்பதையும் நந்நான்காக வகுத்துரைக்கிறது. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்குரிய நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. தறுகண் என்பது அஞ்சாமை. அழுகை தோன்றும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உள்ளதை இழத்தல் இழவு. முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல் அசைவு. உணர்ச்சியை அதன் மூலத்தோடு சேர்த்துப் பார்க்கும் இம்முறை, திரை நடிப்புக்கும் பெரிதும் பொருந்துகிறது.

கட்டபொம்மன் வேடத்தில் மேலோங்குவது பெருமிதம். அது தறுகணிலிருந்து பிறக்கிறது. ஆதலின் வெளிப்படையாக இருக்கிறது. சிதம்பரனார் வேடத்திலும் மேலோங்குவது பெருமிதமே. ஆயினும் அது பிறக்கும் இடங்கள் கல்வியும் கொடையும். கற்றவனின் பெருமிதம் முழங்குவதில்லை. கொடுத்தவனின் பெருமிதமோ, கொடுத்ததை இழந்து நிற்கும்போதும் வாய் திறப்பதில்லை. ஒரே மெய்ப்பாட்டின் இரு வேறு ஊற்றுகளை ஒரே நடிகர் இரண்டாண்டு இடைவெளியில் காட்டியிருக்கிறார். இவற்றுள் முன்னதற்குக் கெய்ரோவில் பரிசு கிடைத்தது. பின்னதன் நிலை என்ன?

சிறைவாயிலில் ஒருவர்

ம.பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது 'கப்பலோட்டிய தமிழன்'. பாரதியாராக எஸ்.வி. சுப்பையாவும் சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகமும் நடித்தனர். சிதம்பரனார் 1908இல் தண்டிக்கப்பட்டு, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அடைபட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானவர். மாடு இழுக்கவேண்டிய செக்கினை அவர் இழுத்த செய்தியைத் தமிழர் அனைவரும் அறிவர்.

செக்கிழுக்கும் காட்சி கண்ணீரை வரவழைப்பது. எனினும் நடிப்பின் உச்சம் அதுவன்று. அங்கு நிகழ்ச்சியின் கொடுமையே பாதிப் பணியைச் செய்துவிடுகிறது. விடுதலை பெற்று வெளிவரும் காட்சியே அரியது. முன்பு ஊர்வலமாகத் திரண்ட கூட்டத்தைச் சிறைவாயிலில் காணவில்லை. நோயுற்று உருமாறிய சுப்பிரமணிய சிவா நிற்கிறார். சிவாஜி இங்குக் குரலை உயர்த்தவில்லை. ஏமாற்றம் முகத்தில் தோன்றி, தோன்றியதைத் தாமே நாணி மறைப்பது போன்ற ஒரு கணம் வருகிறது. கட்டபொம்மனின் மீசையையும் கவசத்தையும் கண்டு பழகிய கண்களுக்கு அக்கணம் தப்பிவிடக்கூடும். அசைவும் இளிவும் கூடிய அழுகை அது. ஆனால் கண்ணீர் வழியாத அழுகை.

படம் வணிக நோக்கில் வெற்றி பெறவில்லை. தேசியத் திரைப்பட விருதுகளில் 1961ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. நடித்தவருக்குத் தனி விருது இல்லை. 'இத்தகைய நடிப்புக்குத் தேசிய விருது மறுக்கப்பட்டதே' என்று இன்றும் எழுதுவோர் உளர். அவர்கள் ஒரு விதியைக் கவனிக்கத் தவறுகின்றனர். 1953ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தேசிய விருதுகள் வழங்கப்பட்டபோதும், நடிகர், நடிகையர்க்கான பிரிவுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதலாக வழங்கப்பட்டன. முதலில் அவற்றைப் பெற்றவர்கள் வங்க நடிகர் உத்தம் குமாரும் நர்கீசும். ஆக, 1961இல் மறுப்பதற்கு ஒரு விருதே இல்லை. இழப்பு உண்மை, குற்றச்சாட்டு பிழை. இவ்வேறுபாட்டை உணராமல் நடத்தப்படும் வாதம் எத்துணை உணர்ச்சிமிக்கதாயினும் பயன் தராது.

தெரிந்து தெளிவோம்

1961இல் வெளிவந்து தேசிய அளவில் சிறப்பிக்கப்பட்ட தமிழ்ப் படங்களுள் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்' ஆகியனவும் அடங்கும். இவ்விரண்டிலும் தலைமை வேடம் சிவாஜி கணேசனுக்கே. அவ்வாண்டில் நடிகர்க்கான விருது இருந்திருப்பின் அவருக்குப் போட்டியாளர் பெரும்பாலும் அவரே. தங்கையின்மீது பேரன்பு கொண்ட 'பாசமலர்' ராஜசேகரனையா, செக்கிழுத்த செம்மலையா தேர்ந்தெடுப்பது என்னும் வினா, ரசிகர் சண்டைக்கு இடமின்றி நடிப்பை மட்டுமே ஆராய வைக்கும் வினா.

விதி இடைமறித்த இன்னொரு வகையும் உண்டு. 'தேவர் மகன்' படத்துக்காகத் தேசிய விருதுக் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டபோது சிவாஜி அதனை ஏற்கவில்லை. 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அது வாழ்நாள் பணிக்கானது. ஒரு வேடத்தை மற்றொரு வேடத்தோடு ஒப்பிட்டு அளித்த தீர்ப்பன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடலாகாது.

இங்கு ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைக் கண்ட சிதம்பரனாரின் மகன், தம் தந்தையையே நேரில் கண்டதுபோல் உணர்ந்ததாகக் கூறியதைச் சிவாஜி தமக்குக் கிடைத்த பெரும் விருதாக நினைவுகூர்ந்திருக்கிறார். மனத்தை நெகிழ்விக்கும் சான்றுதான். ஆயினும் இதுவும் ஓர் அளவுகோல் என்பதை மறத்தலாகாது. மெய்யான மனிதரோடு ஒத்திருத்தல் என்னும் அவ்வளவுகோலைக் கட்டபொம்மனுக்குப் பயன்படுத்த முடியாது. அவரைக் கண்டவர் எவரும் 1959இல் இல்லை. பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிய ஊர்களில் வழங்கிய கதைப்பாடல்களின் கட்டபொம்மனே மக்கள் அறிந்த கட்டபொம்மன். கதைப்பாடலின் தலைவன் இயல்பான அளவில் இருப்பதில்லை. அவனை அடங்கிய குரலில் நடித்திருந்தால் அதுவே பொருந்தா நடிப்பாகியிருக்கும். 'மிகை நடிப்பு' என்று இக்காலத்தார் எளிதாகச் சொல்லும் குறைக்கு இதுவே தக்க மறுமொழி.

கரிசலின் பிற்காலப் படங்கள்

கோவில்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் பூமணியின் 'வெக்கை' புதினத்தைத் தழுவி, வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' 2019இல் வெளிவந்தது. 67ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்வாயிற்று. சிறந்த நடிகர் விருதை தனுஷ், இந்தி நடிகர் மனோஜ் பாஜ்பாயுடன் பகிர்ந்துகொண்டார். சிவசாமி என்னும் ஒரே மனிதனின் இளமையும் முதுமையும் அதில் வருகின்றன. இளைய சிவசாமியிடம் வெகுளி. முதிய சிவசாமியிடமோ, பெற்ற மகனே கோழை என எண்ணும்படியான அடக்கம். பலர் நினைவில் நிற்பது சண்டைக்காட்சி. நடிப்பின் எடை கூடியிருப்பதோ, ஊரார் முன் தாழ்ந்து நிற்கும் முதியவனிடத்தில்தான். சிதம்பரனார் வேடத்தை அளக்கக் கொண்ட கோல் இங்கும் பொருந்துவதைக் காணலாம்.

ஆயினும் தென்மாவட்ட மண்ணிலிருந்து வந்த எல்லா நல்ல நடிப்புக்கும் இத்தகைய பேறு வாய்க்கவில்லை. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தபோது, நாயகனின் தந்தையாக நடித்த நாட்டுப்புறக் கலைஞர் நெல்லை தங்கராசுவைக் கண்டு பார்வையாளர் அமைதியாயினர். பெண்வேடமிட்டு ஆடும் கலைஞர் ஒருவர், கல்லூரி வளாகத்தில் அவமதிக்கப்பட்டு ஓடும் காட்சி அது. இளிவினால் பிறக்கும் அழுகைக்கு அதைவிடத் தெளிவான திரைச்சான்று காண்பது அரிது. தேசிய விருதுப் பட்டியலில் அப்படம் இடம்பெறவில்லை.

மதுரைப் பக்கத்து உழவர் நல்லாண்டியின் செய்தி வேறு. மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' படத்தில் மாயாண்டி என்னும் முதிய உழவராக அவர் தோன்றினார். படம் வெளியாகுமுன்னரே மறைந்த அவருக்கு 69ஆவது தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. உழவர் உழவராகத் தோன்றுவது நடிப்பாகுமா என்று வினவியோர் உண்டு. வினா நியாயமானதே. ஆனால் ஒளிப்படக்கருவி முன் நிற்கும்போது தன் இயல்பைத் தானே இழந்துவிடுவதுதான் பெரும்பாலோர் அனுபவம். பலர் சூழ நின்று பார்க்க, திரும்பத் திரும்ப எடுக்கப்படும் காட்சிகளில், தன் நடையையும் பேச்சையும் மாறாமல் காப்பதும் ஒரு திறனே. பயிற்சியால் பெற்ற திறனுக்கு நிகராக இதனை வைக்கலாமா என்பதில் ஒரே விடை காண்பது கடினம். முழு விருதின்றிச் சிறப்புக் குறிப்பு அளித்ததில் நடுவர்களின் தயக்கம் தெரிகிறது, அத்தயக்கம் நேர்மையானது.

பட்டியலுக்குள் நுழையும் வாயில்

இந்தியத் தேசிய விருதுகளில், போட்டியில் உள்ளோரின் இறுதிப் பரிந்துரைப் பட்டியல் முன்கூட்டியே வெளியிடப்படுவதில்லை. வட்டாரக் குழுக்கள் முதலில் பார்க்கின்றன. அவை தெரிந்தெடுத்தவற்றை மத்தியக் குழு பார்க்கிறது. விண்ணப்பிக்கப்படாத படம் எத்துணைச் சிறந்ததாயினும் நடுவர் கண்ணில் படாது. ஆதலால் 'ஏன் கிடைக்கவில்லை' என்று கேட்குமுன் 'அனுப்பப்பட்டதா' என்று கேட்டல் முறை.

அமெரிக்காவின் ஆஸ்கர் விருதில் பரிந்துரையே பெருஞ்சிறப்பு. நடிப்புக்கான பரிந்துரைகளை நடிகர் பிரிவு உறுப்பினரே செய்கின்றனர். ஒவ்வொரு நடிப்புப் பிரிவுக்கும் ஐவர். அயல்மொழிப் படங்களுக்கான பிரிவிலோ ஒரு நாட்டுக்கு ஒரு படமே. அவ்வாயில் மிகக் குறுகியது. பல மொழிகளில் படமெடுக்கும் இந்தியா, ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 1969இல் 'தெய்வ மகன்' அவ்வாறு அனுப்பப்பட்டது. அதில் சிவாஜிக்கு மூன்று வேடம். பின்னர் 'நாயகன்', 'விசாரணை', 'கூழாங்கல்' முதலியனவும் சென்றன. வறண்ட நிலத்தில் ஒரு தந்தையும் மகனும் நடக்கும் நடையையே கதையாக்கிய 'கூழாங்கல்', 2021இல் ரோட்டர்டாம் விழாவில் முதன்மை விருதான புலி விருதைப் பெற்றது. அதே படம் ஆஸ்கரின் இறுதி ஐந்து படங்களுள் இடம்பெறவில்லை. ஓர் அவை உச்சியில் வைத்ததை மற்றோர் அவை வாயிலிலேயே நிறுத்தியது. இவ்விரு தீர்ப்புகளுள் ஒன்று பொய் என்று கருதவேண்டியதில்லை. கெய்ரோவும் தமிழ்நாடும் வேறுவேறு கோல்களால் அளந்தும் ஒத்துப்போயின. இங்கு வேறுவேறு கோல்கள் வேறுவேறு முடிவைத் தந்தன.

கற்பவை கற்றபின்...

1. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சியையும், 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிறையிலிருந்து வெளிவரும் காட்சியையும் முதலில் ஒலியின்றியும் பின்னர் ஒலியுடனும் காண்க. இரு முறையும் நும் மதிப்பீடு மாறியதா என எழுதுக.

2. வகுப்பில் ஐவர் கொண்ட நடுவர் குழு ஒன்றை அமைக்க. கடந்த ஆண்டு வெளிவந்த தமிழ்ப் படங்களிலிருந்து ஐந்து நடிப்புகளைப் பரிந்துரைக்க. பெயர்களைச் சொல்லுமுன் அளவுகோல்களைக் கரும்பலகையில் எழுதிவிடுக. பட்டியல் முடிந்தபின் அளவுகோலை மாற்ற விரும்புவோர், அதற்கான காரணத்தை அவையில் கூறுக.